அக்கா உதடு வளர்த்த கோடை

தில்லை நகரில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இடத்தில், ஊசி போட்டு உதட்டைப் பெரிதாக்கித் தருவதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்து மருந்துக் கடையில் அதற்கென்றே சின்னக் குழாய்களில் களிம்பு விற்கிறது. தடவினால் மிளகாய் பட்டதுபோல் சுருசுருவென்று எரியுமாம், கொஞ்ச நேரத்துக்கு உதடு தடித்துத் தெரியுமாம். நம் வயதுக்காரர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நம்ம காலத்துல இப்படியெல்லாம் உண்டா" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். நானும் சேர்ந்து தலையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வந்து மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. உண்டு. எங்கள் வீட்டிலேயே உண்டு. ஒரு முழுக் கோடை அதிலேயே போயிற்று.

எனக்கு அப்போது பத்து வயது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. ரயில் பெட்டிகளின் பிரேக் சிலிண்டரைப் பழுது பார்க்கும் பிரிவு. சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடம் கசியாமல் நிற்கிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். சாயங்காலம் சங்கு ஊதினால் தெரு முழுக்க சைக்கிள் மணி கேட்கும். அப்பாவின் சட்டையில் கிரீஸ் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து வரும். அதிகம் பேச மாட்டார். நாங்களும் அவரிடம் அதிகம் பேசியதில்லை.

அக்காவுக்கு இருபது வயது. காலேஜ் முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அவள் பேச்சு அப்பாவின் பேச்சைவிடக் குறைவு. அவளுக்கு உதடு இருக்கிறது என்பதைக்கூட நான் அதுவரை கவனித்ததில்லை.

கவனிக்க வைத்தவர்கள் லால்குடிக்காரர்கள். பங்குனி மாதக் கடைசியில் பெண் பார்க்க வந்தார்கள். கேசரியையும் வாழைக்காய் பஜ்ஜியையும் நன்றாகவே சாப்பிட்டார்கள். அக்காவை நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். பெயரைக் கேட்டார்கள், சொன்னாள். போய்விட்டு, நடுவில் இருந்த தரகரிடம் பதில் சொல்லி அனுப்பினார்கள். தரகர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே சொன்னார்.

"பொண்ணு நல்ல நிறம், நல்ல உசரம்னு சொன்னாங்க. உதடுதான் ரொம்ப மெல்லிசா கோடு போட்ட மாதிரி இருக்காம். மெல்லிசு உதடுன்னா வாய் நீளம்னு பையனோட அம்மா பயப்படுறாங்க."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "யாருக்கு வாய் நீளம்? இவளுக்கா? இவ வாயத் தொறந்து நாலு நாள் ஆச்சுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அக்கா கண்ணாடி பார்க்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் ஒரே கண்ணாடிதான். அப்பா முகம் மழித்துக்கொள்வதற்காகப் பின்கட்டு ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தது. ஓரத்தில் பாதரசம் உரிந்து கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். அக்கா அதன் முன் நின்று உதட்டைக் குவிப்பாள், விரிப்பாள், கீழுதட்டைப் பிதுக்கிப் பார்ப்பாள். என்னை அழைத்து, "உன் உதடும் என்னை மாதிரிதான் இருக்கா, காட்டு" என்பாள். என் உதடு அம்மாவைப்போலத் தடிப்பு. அது அவளுக்கு வருத்தமாக இருந்ததா, எனக்காகச் சந்தோஷமாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

முதல் வைத்தியம் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கேதான் இருந்தாள். சித்தப்பா ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். வளையல், குங்குமம், ரிப்பன், சாந்துப் பொட்டு. சித்தி வந்தால் பையில் ஏதாவது வாசனையாக இருக்கும். இந்த முறை வந்து உட்கார்ந்தவுடனேயே அக்காவின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா கவலைப்படுறீங்க? எங்க தெருவுல ஒருத்தி லவங்கப்பட்டைய பொடிச்சு நெய்ல கொழச்சுத் தடவுறா. பத்து நிமிஷத்துல உதடு கொழுக்கட்டை மாதிரி ஆயிடுது."

அம்மா அம்மியில் பட்டையை நுணுக்கினாள். அந்த வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிரியாணிக்கு அல்லாமல் அந்த வீட்டில் பட்டை இடிபட்டது அன்று ஒருநாள்தான். அக்கா தடவிக்கொண்டாள். எனக்கும் கொஞ்சம் தடவச் சொல்லி அடம்பிடித்துத் தடவிக்கொண்டேன். முதலில் இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு உதட்டில் எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்து, நெருப்பாகி, இருவருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. அக்கா கையை இறுக மூடிக்கொண்டு பொறுத்தாள். நான் குழாயடிக்கு ஓடிவிட்டேன். அக்காவின் உதடு நிஜமாகவே சிவந்து தடித்தது. சித்தி கைதட்டினாள். சோறு வடித்து முடிப்பதற்குள் பழையபடி கோடாகிவிட்டது.

அப்புறம் சர்க்கரையும் தேனும் கலந்து தேய்ப்பது. பீட்ரூட் துண்டால் தேய்ப்பது. தூங்கப் போகுமுன் நெய் தடவுவது. எறும்புதான் வந்தது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். அவர் கணவர் எஞ்சின் டிரைவராக இருந்து இறந்துபோனவர். ஆன்ட்டி வீட்டில் மூன்று கண்ணாடி வைத்த மேஜை ஒன்று இருந்தது. முன்னால் உட்கார்ந்தால் நம் முகம் மூன்றாகத் தெரியும். அக்காவின் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ. குவார்ட்டர்ஸில் சுவர் மெல்லியது. ஒருநாள் மத்தியானம் வேலிக்கு மேல் கையை நீட்டி அக்காவைக் கூப்பிட்டார்.

"கம், டார்லிங். உக்காரு. ஒடம்புல எதையும் எரிக்கக் கூடாது. இதெல்லாம் கண்ணை ஏமாத்துற வேலை."

ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து, அக்காவின் உதட்டு விளிம்புக்கு வெளியே மெதுவாகக் கோடு போட்டார். "ஒரு நூல் அளவுதான் வெளியில போடணும். ரொம்பப் போனா ஜோக்கர் மாதிரி ஆயிடும்." உள்ளே அதே நிறத்தில் பூசினார். கடைசியில் கீழுதட்டின் நடுவில் மட்டும் வெள்ளையாக எதையோ விரல் நுனியால் ஒற்றினார். "வெளிச்சம் இங்க மட்டும் படணும். அப்பத்தான் நடுவுல எழும்பி நிக்கிற மாதிரி தெரியும்."

மூன்று கண்ணாடியிலும் வேறு யாரோ ஒரு பெண் இருந்தாள். அக்கா அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அப்போது சங்கு ஊதியது. ஆன்ட்டியே தேங்காய் எண்ணெயையும் பஞ்சையும் எடுத்துக் கொடுத்தார். அப்பாவுக்குப் பவுடர் போட்டாலே பிடிக்காது. வேலியைத் தாண்டி வரும்போது அக்கா பழைய அக்காவாகியிருந்தாள். சில வருடங்கள் கழித்து ஆன்ட்டி மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். அந்த மேஜையை யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை. நான் பெரியவளான பிறகு அதைப் பல இடங்களில் தேடியிருக்கிறேன்.

சித்திரை முடியப்போகும் சமயத்தில் உறையூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குக் கரண்டு ஆபீஸில் கிளார்க் வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அக்கா வகுப்பிலிருந்து வந்ததும் சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தாள். அம்மா கடைவீதிக்குப் போயிருந்தாள். நான் உள்ளே நுழைந்தேன்.

"யார்கிட்டயும் சொல்லாத. எங்க கிளாஸ்ல ஒருத்தி சொன்னா. இதுல வலியே கிடையாதாம்."

அவள் கையில் எண்ணெய் அளக்கிற சின்ன எவர்சில்வர் டம்ளர் இருந்தது. உதட்டில் நெய்யைத் தடவிக்கொண்டு, டம்ளரின் வாயை உதட்டின் மேல் பொருத்தி, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சினாள். கையை எடுத்தாள். டம்ளர் விழவில்லை. யானையின் வெட்டிய தந்தம்போல அவள் முகத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வாய் டம்ளருக்குள் மாட்டிக்கொண்டிருந்ததால் கண்ணால் மட்டும் சிரித்தாள். உலை கொதிக்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு இழுத்தாள். வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். டப்பென்று ஒரு சத்தத்தோடு வந்தது.

உதடு உண்மையிலேயே பெரிதாகியிருந்தது. "நல்லா இருக்குடி" என்று கண்ணாடி முன் நின்று சொன்னாள். தன்னைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அப்பா வருவதற்குள் உதடு கறுத்துவிட்டது. வாயைச் சுற்றி ஊதா நிறத்தில் வளையம். கீழுதட்டில் ரத்தம் கட்டியிருந்தது.

அன்று பார்த்து, அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர், "உங்க பெரிய பொண்ணு பஸ் ஸ்டாப்புல ஒரு பையன்கூட நின்னு பேசிக்கிட்டிருந்துச்சு" என்று போகிற போக்கில் அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் அக்காவின் வகுப்பில் படிப்பவன். பரீட்சை எப்போது என்று கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். அவர் சொன்னது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அக்கா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். அவர் சொம்பை வாங்கவில்லை. அவள் வாயையே பார்த்தார்.

"யாரு?" என்றார்.

அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்கும்தான். கடைவீதியிலிருந்து திரும்பியிருந்த அம்மாவுக்குப் புரிந்தது. அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"யாருன்னு கேக்குறேன்ல. பஸ் ஸ்டாப்புல நின்னவனா?"

"டம்ளர்ப்பா" என்றாள் அக்கா. "டம்ளர வாயில வச்சு உறிஞ்சினேன். உதடு பெருசாகும்னு சொன்னாங்க."

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று அந்த அறையில் அந்த வார்த்தை எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவசரத்தில் சொன்ன மட்டமான பொய் மாதிரிதான் இருந்தது.

"நான் பாத்தேன்பா. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்று நான் முன்னால் போனேன்.

"சின்னப் புள்ளைக்கும் சொல்லிக் குடுத்து வச்சிருக்கா" என்றார் அப்பா. கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை. "திங்கக்கிழமை முசிறிக்குப் போறேன். எங்க அக்கா பையனுக்கே பேசி முடிச்சுடறேன். இனிமே டைப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஞாயித்துக்கெழம வர்றவங்கள எதையாவது சொல்லி அனுப்பிடலாம்."

முசிறி அத்தை மகனை எங்களுக்குத் தெரியும். முதல் மனைவி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. குடிப்பான். அந்த அண்ணி எப்படி இறந்தாள் என்று யாரும் உரக்கப் பேசியதில்லை. அக்கா சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் அவள் முதுகோடு ஒட்டிப் படுத்தேன். சினிமாவில்போல யாரும் அழவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

காலையில் அப்பா கூடத்தில் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் கூப்பிட்டு, அவர் எதிரிலேயே உட்காரவைத்து, கையில் பாலைக் கொடுத்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். எண்ணெய் டம்ளர். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அதில் யாரும் எதுவும் குடித்ததே கிடையாது.

நான் பாலைக் குடித்து முடித்தேன். டம்ளரை உதட்டில் பொருத்தினேன். பலங்கொண்ட மட்டும் உறிஞ்சினேன். கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன்.

அவர் முதலில் கவனிக்கவில்லை. பிறகு, "என்ன வெளையாட்டு இது" என்றார். நான் பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தேன். வலித்தது. அக்கா வலியில்லை என்று சொன்னது பொய். நான் எடுக்கவில்லை. அப்பா எழுந்து வந்து டம்ளரைப் பிடித்து இழுத்தார். டப்பென்று வந்தது. என் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். அவர் பார்க்கப் பார்க்கவே என் வாயைச் சுற்றி வளையம் சிவந்து எழும்பியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் முகம் மாறியது.

டம்ளரை எடுத்துத் தன் முன்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். கையை எடுத்தால் நழுவியது. திருப்பி வைத்தார். அதுவும் போதாமல், தன் வாயிலேயே பொருத்தி உறிஞ்சினார். அப்பா மீசை வைத்துக்கொள்ளாதவர். டம்ளர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. கையை எடுத்துவிட்டு நின்றார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கதவருகே அக்கா.

நான்கு பேரும் நின்றோம், ஒருவர் முகத்தில் டம்ளரோடு.

அப்பா அதைப் பிய்த்து எடுத்தார். "வேக்குவம்" என்றார். அம்மாவைப் பார்த்து மறுபடியும் சொன்னார். "வேக்குவம்டி இது. நான் தெனம் பாக்குற வேலை."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது. நான் ஓடிப்போய் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். முசிறிக்குப் போவதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அப்பா அக்காவிடமும் எதுவும் சொல்லவில்லை. குளித்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அம்மாவின் கடைசிக் காலத்தில் ஒருநாள் கேட்டேன், ஏம்மா அந்த டம்ளர்ல பால் குடுத்த என்று. அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "தேய்க்கறப்பதான் பாத்தேன், வெளிம்புல நெய் ஒட்டியிருந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் சொன்னா உங்கப்பா கேப்பாரா? அவரு கண்ணால பாத்தாத்தான் நம்புவாரு. நீ செய்வேன்னு தெரியும்." தன் பெண்ணுக்காகக் கணவரிடம் நேராக ஒரு வார்த்தை பேச முடியாத வீடு அது. அந்த வீட்டுக்குள்ளிருந்தே அவள் அவ்வளவு செய்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை உறையூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் மூன்று பேருடைய வாயும் அப்போதுதான் நன்றாகக் கறுத்திருந்தது. பையனின் அப்பா, அம்மா, கல்யாணமான அக்கா, பையன். பையனின் அம்மா முதலில் அப்பாவின் வாயைப் பார்த்தார். பிறகு, பஜ்ஜித் தட்டோடு வந்த என்னை. பிறகு, தலை குனிந்து வந்து உட்கார்ந்த அக்காவை. பாவம், கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். மொதல்ல வந்தவங்க பொண்ணுக்கு உதடு மெல்லிசுன்னு சொல்லிட்டாங்க. அத பெருசாக்கறேன்னு இவ டம்ளர வாயில வச்சு உறிஞ்சியிருக்கா. வாய் கன்னிப்போச்சு. அதப் பாத்துட்டு நான் என் பொண்ண தப்பா நெனச்சுட்டேன். நெனக்கக் கூடாதத நெனச்சுட்டேன். அவ நெஜத்தத்தான் சொன்னா, நான் நம்பல. இந்தச் சின்னவ செஞ்சு காட்டினா. அப்பவும் நம்பாம நானும் செஞ்சு பாத்தேன்."

அவ்வளவு வார்த்தைகளை அவர் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு அக்காவிடம் சொல்ல முடியாதது, முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல முடிந்தது.

பையனின் அக்காதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டம்ளரா, டம்ளரா" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தாள். அதில் கேலியில்லை. பையனின் அப்பாவும் சிரித்தார். எங்கள் அக்கா நிமிர்ந்தாள். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. உதடு வலித்ததால் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பையனின் அம்மா எங்கள் அம்மாவிடம், "எங்களுக்குப் பொண்ணப் பிடிச்சிருக்குங்க. உதடெல்லாம் யாருங்க அளந்து பாக்கப் போறாங்க" என்றார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே முடிந்துவிடும் பேச்சு அது. அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

அக்காவை அதுவரை யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அவள் யோசித்தாள். "அவர்கிட்ட கொஞ்சம் பேசிட்டுச் சொல்றேன்பா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா, "பின்னாடி முருங்கை மரத்துக்கிட்ட நெழல் இருக்கு. போய்ப் பேசிட்டு வாங்க" என்றார். துணைக்கு என்னை அனுப்பினார்கள். அதனால் கேட்டதைச் சொல்கிறேன்.

பையன் முதலில், "வலிக்குதுங்களா?" என்றார்.

"நேத்து வலிச்சுது. இப்ப இல்ல."

"எனக்கு காது பெருசு. பாத்திருப்பீங்க." அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஸ்கூல் படிக்கறப்ப துணியால கட்டிக்கிட்டுத் தூங்குவேன். ஒரு வருஷம் கட்டினேன். ஒண்ணும் ஆகல."

அக்கா அவர் காதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பெரிய காதுதான். பிறகு அக்கா தொடர்ந்து டைப் வகுப்புக்குப் போக வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், வேலை கிடைத்தால் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "போங்க" என்றார். கடைசியில் சொல்ல எதுவும் இல்லாமல் இருவரும் முருங்கைக் காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுடைய மெல்லிய உதடு அந்தக் கன்றலுக்கு நடுவிலும் மெல்லியதாகவேதான் இருந்தது.

உள்ளே வந்து அக்கா அப்பாவின் முன்னால் நின்றாள். "எனக்கு சம்மதம்பா" என்றாள்.

அப்பா தலையை மட்டும் அசைத்தார். வந்தவர்களிடம், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார். முகம் கழுவுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது வாயைச் சுற்றியிருந்த வளையம் அப்படியேதான் இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன ஒரு பஜ்ஜியை எடுத்து, பாதியைப் பிட்டு அவளிடம் கொடுத்தார்.